பிரீமியம் குறைத்த பாவத்துக்கு

இன்னும் நடக்காத விபத்தைப் பற்றி, அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தவரிடம் பேசுகிற தொழிலுக்குப் பெயர் கார் இன்சூரன்ஸ் விற்பனை.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "வேணாம்மா" என்று போனை வைத்தவர்கள். மீதிப்பேர் என்னைப்போல ஹெட்செட் மாட்டிக்கொண்டு அந்த "வேணாம்மா"வை வாங்கிக்கொண்டவர்கள். முதல் கார் வாங்கி, தவணை கட்டி, பெட்ரோல் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பொடி எழுத்துத் தாளில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பணம் கட்டியவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறோம். அந்த வகையில் நாமெல்லாம் ஒரே வலிக்காரர்கள். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. அதனால் என்ன, மூன்று மாதம் நான் பேசாத கார் இல்லை.

நான் எம்.ஏ. பொருளாதாரம், கடைசி வருஷம். காலையில் கல்லூரி. மதியம் ஒன்றரையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடி அறை. கீழே அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. மேலே ஆறு நாற்காலி, ஆறு ஹெட்செட். அப்பா ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போய்விட்டார். "நீயும் வா, அங்கருந்தே படிச்சு எழுதிக்கலாம்" என்றார். நான் இரண்டு நாள் வாதாடினேன். வாதத்தின் சூட்டில், "என் செலவை நானே பாத்துக்குவேன்" என்றும் சொல்லிவிட்டேன். ஜெயித்தேன். பரிசாக எட்டடிக்கு ஒன்பதடியில் ஒரு தனி அறை கிடைத்தது.

வேலையில் ஒரே நிபந்தனை. மூன்று மாதம் பார்ப்பார்கள். மூன்றாவது மாதத்தில் மட்டும் நாற்பது "ஃபுல் பேக்" விற்க வேண்டும். ஃபுல் பேக் என்றால், சாதாரண இன்சூரன்ஸோடு சாவி தொலைந்தால் ஒன்று, வண்டி வழியில் நின்றால் ஒன்று, உள்ளே வைத்த பை திருடு போனால் ஒன்று என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. நாற்பது விற்றால் நாற்காலி என்னுடையது. விற்காவிட்டால் நாற்காலி இல்லை, அறை வாடகை இல்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு ராஜபாளையம். தோற்றுப்போய் ஊருக்குப் போகிற பெண் என்று என்னை நான் கற்பனை செய்துகூடப் பார்த்ததில்லை.

ரொம்ப தேங்க்ஸ் மேடம்

முதல் வாரத்திலேயே மாட்டியவர் விக்னேஷ். நசரத்பேட்டையில் ஃப்ளாட், ஐ.டி. வேலை, இருபத்துநாலு வயது. மறுநாள் புது வண்டி டெலிவரி. "ஷோரூம்ல, எங்ககிட்ட இன்சூரன்ஸ் போட்டாதான் வண்டி குடுப்போம்னு சொல்றாங்க மேடம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேட்டீங்களா? கார் அவங்ககிட்ட வாங்கலாம், இன்சூரன்ஸ் எங்க வேணா வாங்கலாம். அவங்க குடுத்த தாளை எடுங்க. ஒவ்வொரு வரியா படிங்க" என்றேன். படித்தார். டயருக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று, நட்டு போல்ட்டுக்கு ஒன்று. "உங்க ஃப்ளாட்ல மூடின பார்க்கிங்கா? டெய்லி எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க? அப்ப இது எதுக்கு? அது எதுக்கு?" என்று அரைமணி நேரம் கேட்டேன். வண்டியின் மதிப்பை மட்டும் குறைத்துப் போட்டுவிடாதீர்கள், நாளைக்குத் திருடு போனால் அந்தக் குறைந்த காசுதான் கைக்கு வரும் என்றும் சொன்னேன். வேண்டியதை மட்டும் வைத்து ஒரு கொட்டேஷன் அனுப்பினேன். ஷோரூம் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. அன்று மாலை முழுக்க எனக்கு ஒரே பெருமிதம்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். பின்னால் மேளச் சத்தம்போல ஏதோ கேட்டது. ஷோரூமில் டெலிவரிக்குப் பாட்டுப் போடுவார்களாம். "உங்க கொட்டேஷனைக் காட்டினதும் அவங்களும் அதே ரேட்டுக்கு எறங்கிட்டாங்க மேடம். அங்கயே போட்டுட்டேன். ரொம்ப தேங்க்ஸ்!"

கீறல்

டில்லி பாபு எஸ்டேட்டிலேயே லேத் ஓட்டுகிறவர். என் ஜன்னலிலிருந்து கல்லெறிந்தால் விழுகிற தூரம். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கி வைத்திருந்தார்கள். "மேடம், கம்பெனி கேட்டாண்ட இட்ச்சிட்டேன். பம்பரு கீறிகினு பூட்ச்சி. கிளெய்ம் போட்டுக் குடு" என்றார். டிங்கர் கடையில் எவ்வளவு சொன்னார்கள் என்று கேட்டேன். இரண்டாயிரத்து எண்ணூறாம். நான் பேனாவை எடுத்தேன். "அண்ணா, இதுல மொத ஆயிரம் எப்படியும் உங்க கையில இருந்துதான். மீதி ஆயிரத்து எண்ணூறுதான் கம்பெனி தரும். மூணு வருஷமா நீங்க கிளெய்மே பண்ணல, அதுக்குத் தள்ளுபடி ஓடிட்டிருக்கு. இப்ப இதைப் போட்டா அடுத்த வருஷம் அந்தத் தள்ளுபடி சுத்தமா போயிடும். மூவாயிரம் கூடக் கட்டணும். ஆயிரத்து எண்ணூறு வாங்கறதுக்கு மூவாயிரம் குடுப்பீங்களா?"

கொஞ்ச நேரம் லேத் மிஷின் சத்தம் மட்டும் வந்தது. "அப்ப இன்சூரன்ஸ் எதுக்குத்தான் கீது?" என்றார். "பெருசா இடிச்சா வாங்கறதுக்கு." "பெருசா இடிக்கணுமா?" "இடிக்காதீங்க அண்ணா. சின்னதைக் கைக்காசுல பாத்துக்கங்கன்னு சொல்றேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஒண்ணு கேக்கறேன், தப்பா நென்ச்சிக்காத மேடம். நீ இன்சூரன்ஸ் கம்பெனி ஆளா, இல்ல எங்க ஊட்டு ஆளா?"

கல்யாணமான பிரியா

இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சேரும்போதே ஒரு பெயர் தருவார்கள். போனவர்களின் பெயரை வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அப்போதுதான் பழைய வாடிக்கையாளர்கள் "போன வருஷம் பேசின பொண்ணு" என்று நம்புவார்களாம். எனக்கு வந்தது பிரியா. நான் மூன்றாவது பிரியா என்று பக்கத்து நாற்காலி ஹேமா அக்கா சொன்னார். அதன் விளைவை, பூந்தமல்லியிலிருந்து பேசிய செல்வி என்ற நர்ஸிடம் அனுபவித்தேன். பழைய காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்கப் போகிறார். "பழைய வண்டியோட சேத்து உங்க தள்ளுபடியையும் வித்துடாதீங்க மேடம். அது வண்டிக்குக் குடுத்ததில்ல, உங்களுக்குக் குடுத்தது. கம்பெனில ஒரு லெட்டர் வாங்குங்க, புது வண்டிக்கு அப்படியே மாத்திக்கலாம்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அதை விடு. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?" என்றார். எனக்கு முன்னால் இருந்த பிரியா, தன் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். நான் அவள் இல்லை என்று சொல்லக்கூடாது, அது விதி. "நடந்துச்சு மேடம்." "மாப்பிள்ளை எப்படி?" "நல்லவர் மேடம்." "மாமியார்?" "பரவால்ல மேடம்." ஆவடியில் வளர்ந்து, எஸ்டேட்டில் வேலை பார்த்து, யாருமில்லாத அறைக்குத் திரும்புகிற எனக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. அதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த ஐந்து நிமிடமும் எனக்குப் பிடித்திருந்தது. செல்வி அக்கா கடைசியாகச் சொன்னார்: "என்னமோ போ, கல்யாணம் ஆனதும் உன் குரலே மாறிடுச்சு!"

ஓன் போர்டு

வெள்ளானூர் கார்த்திக்குக்கு இருபத்திரண்டு வயது. சம்பளத்துக்கு மீறிய ஏழு சீட்டு வண்டி. தவணை கழுத்தை நெரிக்க, சனி ஞாயிறுகளில் தெருவில் இருக்கிறவர்களைத் திருப்பதிக்கும் மேல்மருவத்தூருக்கும் கூட்டிப்போய்க் காசு வாங்கிக்கொண்டிருந்தார். வண்டியோ வெள்ளை நம்பர் பலகை போட்ட ஓன் போர்டு. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதிக்கொடுத்து வாங்கியது. அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். நான் விடுவேனா? "வாடகைக்குப் போறப்ப ஏதாவது ஆச்சுன்னா ஒரு பைசா வராது. நீங்க கட்டின அத்தனையும் தண்டம். ஒண்ணு மஞ்ச போர்டு மாத்துங்க, இல்லன்னா இதை வித்துட்டு சின்ன எஞ்சின் வண்டியா வாங்குங்க. சின்ன எஞ்சினுக்கு இன்சூரன்ஸும் கம்மி, பெட்ரோலும் கம்மி, தவணையும் கம்மி."

"சின்ன வண்டில திருப்பதிக்கு யாரு மேடம் வருவா?" "வரவேணாம். நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க, போதும்." வழக்கமாக இந்த இடத்தில் போனை வைத்துவிடுவார்கள். கார்த்திக் வைக்கவில்லை. யோசித்தார். எதிரில் இருப்பவர் யோசிக்கிற சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் அப்பாவோடு வாதாடிய பிறகு அதைக் கேட்டு மாதக்கணக்கு ஆகிறது. யோசித்துவிட்டு அவர் கேட்டார்: "காசு வாங்காம கூட்டிட்டுப் போனா அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க, காசு வாங்கினா பயணிங்க. ஆனா அடிபட்டா வலி ஒண்ணுதானே மேடம்?"

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. ஆறு நாள் தினமும் ஐம்பது பேரிடமாவது பேசுகிறவளுக்கு ஏழாம் நாள் பேச ஆளில்லை. மதியம் அம்மா கூப்பிடுவாள், சாப்பாட்டையும் தம்பியின் கல்லூரியையும் பற்றிப் பேசுவோம். பின்னால் அப்பாவின் குரல் கேட்கும்: "நல்லாருக்காளான்னு கேளு." நான் அம்மாவிடம், "நல்லாருக்கேன்னு சொல்லு" என்பேன். வாதத்தில் ஜெயித்த பிறகு நானும் அப்பாவும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஒரு ஞாயிறு அம்மாவும் கூப்பிடவில்லை. சாயங்காலம் தேங்காய் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனபோதுதான் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது தெரிந்தது. கடைக்காரர் வழக்கமாகக் கேட்பதுபோல, "வேற?" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எண்ணெய் விலை ஏன் இப்படி ஏறுகிறது, பெரிய பாட்டில் வாங்கினால் உண்மையிலேயே லாபமா, இலவசமாகத் தருகிற சீப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். வரிசையில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. சீப்பை எடுத்து என் கையில் வைத்துச் சொன்னார்: "இன்னொண்ணு வேணும்னாலும் எடுத்துக்கம்மா, ஆனா பின்னால நிக்கிறவங்களுக்கு வழி விடு."

கண்ணாடி அறை

எங்கள் மேலாளர் பாஸ்கர் சாருக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு அறை உண்டு. நாங்கள் பேசுவதெல்லாம் பதிவாகும். அவர் அங்கே உட்கார்ந்து கேட்பார். இரண்டாவது மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார். டில்லி பாபு, கார்த்திக், இன்னும் நாலைந்து பேர். "இது உங்களுக்குத் தேவையில்ல சார்" என்று என் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் கத்தவில்லை. மேலேயிருந்து அவருக்கும் எண்ணிக்கை கேட்கிறார்கள். அது அவர் கண்ணுக்குக் கீழே தெரிந்தது. "பத்தொம்பதுதான் வித்திருக்கே. அடுத்த மாசம் நாப்பது வரணும்மா" என்று மட்டும் சொன்னார். நான் வாதாடத் தயாராகத்தான் போனேன். "இருபது வயசுப் பசங்ககிட்ட பயத்தை விக்கறது நியாயமா சார்?" என்றுகூட ஆரம்பித்தேன். அவர் போன் அடித்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்று வாக்கியத்தை முடித்துக்கொண்டேன்.

வெளியே ஹேமா அக்கா டீ வைத்திருந்தார். எட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறவர். ஃபுல் பேக் என்ற வார்த்தையையே சொல்ல மாட்டார். குரலை இறக்கி, "உங்க நல்லதுக்குச் சொல்றேன் சார்" என்பார், விற்றுவிடும். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "நீ எதுக்குடி அவங்க காசுக்கு அழற? அவங்க எவனாச்சும் உன் காசுக்கு அழறானா?"

மேடம் சொன்னா சரி

மூன்றாவது மாதம் நானும் குரலை இறக்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேலை செய்தது. பட்டாபிராமிலிருந்து ஒரு பையன், இருபது வயது. மாமா ஓட்டிக் கழித்த காரை இவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். முதல் வேலை, முதல் சம்பளம். "எது போடலாம் மேடம்?" என்று கேட்டான். அவனுக்கு எது போதும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அப்போது என் எண்ணிக்கை இருபத்தேழு. "உங்க நல்லதுக்குச் சொல்றேன்..." என்று ஆரம்பித்தேன். கேள்வியே கேட்கவில்லை அவன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பணம் கட்டிவிட்டுச் சொன்னான்: "நீங்க சொன்னா சரியாத்தான் மேடம் இருக்கும்."

ஆவடி வண்டி

மாதத்தின் கடைசி நாள். மாலை நாலு மணி, எண்ணிக்கை முப்பத்தொன்பது. யாரை அழைப்பது என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை, கம்ப்யூட்டரே அடிக்கும். திரையில் போன் நம்பர் மறைத்திருக்கும், வண்டி நம்பரும் உரிமையாளர் பெயரும் மட்டும் தெரியும். அன்று திரையில் வந்த வண்டி நம்பரைப் படித்தேன். மறுபடி படித்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற எங்கள் வண்டி. அப்பா ஆவடியிலேயே பழசாக வாங்கி, ராஜபாளையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது. வைத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் "அலோ" வந்துவிட்டது.

சொந்தப் பேச்சுப் பேசக்கூடாது. பதிவாகிறது. "வணக்கம் சார், நான் பிரியா பேசறேன். உங்க கார் இன்சூரன்ஸ் நாளன்னைக்கு முடியுது" என்றேன். அந்தப் பக்கம் டி.வி.யை யாரோ அணைத்தார்கள். அம்மா, "யாருங்க?" என்று கேட்டாள். "இன்சூரன்ஸ்லருந்து" என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லும்மா."

"எம் பையன் இப்பத்தான் லைசென்ஸ் எடுத்திருக்கான். பத்தொம்பது வயசு. அவன் ஓட்டினா காசு கூடுமா?"

"கூடாது சார். லைசென்ஸ் இருந்தா யார் ஓட்டினாலும் ஒரே பாலிசிதான். இடிச்சு, கிளெய்ம் போட்டாத்தான் அடுத்த வருஷம் கூடும்."

"இடிப்பான்."

"சின்னதா இடிச்சா கிளெய்ம் போடாதீங்க. தனியா வண்டி கேட்டா வாங்கிக் குடுத்துடாதீங்க, இதையே ஓட்டிப் பழகட்டும். அவருக்கு இப்பத்திக்கு இது போதும்."

"கேக்கத்தான் செய்யுதான். உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பத்தொம்பது வயசுன்னா கேப்பாங்க சார்."

அப்பா சிரித்தார். எத்தனை மாசம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. பிறகு, வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். விதிப்படி மூட்டையைப் பிரித்து வாசித்தேன். "எல்லாத்தையும் போட்டுரு" என்றார்.

முப்பத்தொன்பதோடு ஒன்று நாற்பது. என் நாற்காலி, என் அறை, என் வெற்றி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து மடியில் விழுந்தது. என் வாய் என்ன சொல்லிற்று என்றால், "எதுக்கு சார்?" என்றது. "வண்டி வீட்டு வாசல்லயே நிக்குது. சாவிக்கு எதுக்கு இன்சூரன்ஸ்? ரெண்டு சாவி இருக்குமே."

"ஒண்ணைப் பையன் தொலைச்சுட்டான்."

"எப்போ?" என்று கத்திவிட்டேன். ஹேமா அக்கா திரும்பிப் பார்த்தார்.

"போன மாசம்" என்றார் அப்பா, சாவதானமாக. "மாசக் கடைசியாச்சே, உங்க ஆபீஸ்ல எண்ணிக்கை பாப்பாங்கள்ல. எங்க தொழிற்சாலையிலயும் அப்படித்தான். எழுதிக்கோ. நானும் ஒரு எண்ணிக்கையா இருந்துட்டுப் போறேன்."

"வேணாம் சார். எட்டு வருஷ வண்டி. தேவையில்லாத செலவு."

"காசு என்னுது."

"காசு உங்களுதுதான். அதுக்காகக் கொட்டுவீங்களா?"

பதினோரு நிமிஷம் நடந்தது. அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று மறுக்க, பழைய குவார்ட்டர்ஸ் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. ஒருமுறைகூட அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் அப்பா என்று சொல்லவில்லை. கடைசியில் நானே ஜெயித்தேன். சாதாரண இன்சூரன்ஸ், இத்தனை வருஷம் கிளெய்ம் பண்ணாத தள்ளுபடியோடு. நன்றி சார் என்று விதிப்படி முடிக்கப்போனேன். அவர் முடிக்கவில்லை: "எஸ்டேட் உள்ரோட்ல சாயங்காலம் லாரியா நிப்பாட்டி வச்சிருப்பான், மறிச்சுக்கும். மெயின் ரோடு பக்கமா நடந்து போம்மா பிரியா."

முப்பத்தொன்பது

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. இருபது பேரிடமாவது பேசியிருப்பேன். குரலை இறக்க வரவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். எண்ணிக்கை அசையவில்லை. ஏழு மணிக்குப் பாஸ்கர் சார் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "அந்த ஆவடி வண்டிக்காரர் தானா வந்து எல்லாத்தையும் போடுங்கறாரு. நீ வேணாம்னு பதினோரு நிமிஷம் சண்டை போடறே. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கால் கேட்டதில்லம்மா" என்றார். அவர் யார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் விதிவிலக்கு ஏதாவது கிடைத்திருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக, கையில் நல்ல வாதம் இருந்தும் நான் பேசாமல் நின்றேன். சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "நீ சொன்னதுல ஒண்ணுகூட தப்பில்லம்மா. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஹேமா அக்கா படி இறங்கும்வரை கூட வந்தார். அவர் அக்கா பெண்ணும் அவள் தோழிகள் மூன்று பேரும் பிளஸ் டூ. பொருளாதாரம் சொல்லித்தர ஆள் தேடுகிறார்களாம். "அவளுங்ககிட்ட போய் நல்லா வாயாடு" என்றார். தனி அறையை விட்டுவிட்டு மூன்று பேர் அறைக்கு மாறினால் அந்த ட்யூஷன் காசில் பரீட்சை வரை ஓட்டிவிடலாம். மெயின் ரோட்டுக்கு வந்து நின்று, என் சொந்த போனில், அப்பாவின் நம்பருக்கே அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "அப்பா, வேலை போயிடுச்சு. ஆனா இங்கயே இருந்துக்குவேன், வழி இருக்கு" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "ஊருக்கு வா" என்பார், அதற்கு என்ன மறுப்பு என்பதுவரை தயாராக வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசிக்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு கேட்டார்: "அப்ப அடுத்த வருஷம் எனக்கு யாரும்மா போன் பண்ணுவா?"

சின்ன வயதில் கார் வைத்திருப்பவர்களின் செலவை எப்படியெல்லாம் குறைக்கலாம் என்று நான் மூன்று மாதம் தொண்டை கிழியப் பேசியதில், எங்கள் ஆபீஸ் காதில் வாங்கிக்கொண்டு நிஜமாகவே குறைத்த ஒரே செலவு என் சம்பளம்தான்.